மெத்தூசலாவின் பெயரில் இருப்பது மரணமா, வேலா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில்தான் இதை முதலில் கேட்டேன். "மெத்தூசலா என்ற பெயருக்கு எபிரேயத்தில் ‘இவன் சாகும்போது அது வரும்’ என்று அர்த்தம். அது என்றால் ஜலப்பிரளயம். ஏனோக்கு தன் மகனுக்குப் பெயர் வைத்தபோதே வெள்ளத்தை முன்னறிவித்துவிட்டார். மெத்தூசலா இறந்த வருஷமே வெள்ளம் வந்தது. ஜனங்கள் மனந்திரும்பட்டும் என்றுதான் அவரை 969 வருஷம் உயிரோடு வைத்திருந்தார் தேவன்." கேட்டதும் மெய்சிலிர்த்தது. அப்புறம் அதே செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது, யூடியூபில் வந்தது, ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்திலும் வந்தது.

இதில் பாதி சரி. வருஷக் கணக்கு சரிதான், அதுவும் ஒரு நிபந்தனையோடு. பெயருக்குச் சொல்லப்படும் அர்த்தம்தான் இடறுகிறது. ஏன் இடறுகிறது என்று புரிந்துகொள்ள எபிரேயம் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழில் நாம் தினமும் செய்யும் சில காரியங்களைக் கவனித்தாலே போதும்.

முதலில் கணக்கு

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 5-ஆம் அதிகாரம் ஒரு வம்ச அட்டவணை. ஆதாமில் தொடங்கி நோவா வரை பத்துத் தலைமுறை. நோவாவுக்கு முந்தைய ஒவ்வொருவருக்கும் ஒரே வாய்பாடு: இத்தனை வயதில் இன்னாரைப் பெற்றார், அதற்குப் பின் இத்தனை வருஷம் இருந்தார், மொத்தம் இத்தனை வருஷம், மரித்தார். ஏனோக்குக்கு மட்டும் அந்தக் கடைசிச் சொல் இல்லை.

மெத்தூசலா 187 வயதில் லாமேக்கைப் பெற்றார். லாமேக்கு 182 வயதில் நோவாவைப் பெற்றார். வெள்ளம் வந்தபோது நோவாவுக்கு 600 வயது என்று 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. மூன்றையும் கூட்டினால் 969. மெத்தூசலாவின் மொத்த ஆயுளும் 969. ஆக, வெள்ளம் வந்த வருஷத்தில்தான் அவர் இறந்திருக்க வேண்டும். யூத மரபு இதை இன்னும் நெருக்கிப் பார்த்தது. வெள்ளத்துக்கு முன் ஏழு நாள் தவணை இருந்தது என்று அதே 7-ஆம் அதிகாரத்தில் வருகிறது அல்லவா, அது மெத்தூசலாவுக்காகத் துக்கம் காத்த ஏழு நாள் என்று ரபிமார்களின் பழைய நூலான தல்மூத் விளக்குகிறது.

நிபந்தனை என்றேனே, அது இதுதான். மேலே சொன்ன எண்கள் நம் கையில் இருக்கும் எபிரேயப் பாடத்தின் எண்கள். கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பின் பல பிரதிகளில் மெத்தூசலா லாமேக்கைப் பெற்ற வயது 167 என்றும், லாமேக்கு நோவாவைப் பெற்ற வயது 188 என்றும் இருக்கிறது. 167, 188, 600 மூன்றும் சேர்ந்தால் 955. அவர் ஆயுளோ அங்கேயும் 969. அப்படியானால் வெள்ளத்துக்குப் பின்னும் 14 வருஷம் இருந்திருக்கிறார்! பேழையில் இருந்த எட்டுப் பேரில் அவர் இல்லை. எங்கே இருந்தார்? ஆதித் திருச்சபையில் இது பெரிய தலைவலியாக இருந்தது. அகுஸ்தீனும் எரோனிமும் இதை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட தகப்பன் ஏனோக்கோடு அவர் அந்தச் சமயம் இருந்தார் என்று சமாளித்தவர்களும் உண்டு. சமாரியரின் ஐந்தாகமத்தில், அதாவது ஆதியாகமம் முதலான ஐந்து நூல்களின் அவர்கள் பிரதியில், எண்கள் வேறு: 67, 53, 600, மொத்தம் 720. அங்கே அவர் ஆயுளும் 720-தான், எனவே வெள்ள வருஷத்திலேயே முடிகிறது.

சரி, எபிரேயப் பாடத்தின்படி பார்த்தால் அவர் வெள்ள வருஷத்தில் இறந்தார். ஆனால் அதைச் சொல்வது எண்கள். பெயரும் அதையே சொல்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

படு, பாடு, கெடு, கேடு

எபிரேயப் பெயர்களுக்குள் போவதற்கு ஒரே ஒரு சாவி வேண்டும். அதற்கு வேர் என்று பெயர். ஒரு சொல்லின் அடிப்படைப் பொருளைச் சுமக்கும் மெய்யெழுத்துகளின் தொகுப்பே வேர். எபிரேயத்தில் பெரும்பாலும் மூன்று மெய்கள். நடுவே வரும் உயிர்கள் மாறிக்கொண்டே இருக்கும், மெய்கள் அசையாமல் நிற்கும்.

இது நமக்கு அந்நியமான விஷயம் என்று தோன்றலாம். இல்லை. படு என்பது பாடு ஆகிறது, கெடு என்பது கேடு ஆகிறது, சுடு என்பது சூடு ஆகிறது, பெறு என்பது பேறு ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். ‘க’வும் ‘ட’வும் இருந்த இடத்திலேயே இருக்க, உள்ளே உயிர் மட்டும் நீண்டு புதுச்சொல் பிறக்கிறது. தமிழில் இது ஒரு மூலையில் நடக்கும் காரியம். எபிரேயம், அரபு, அக்காதியம் போன்ற செமித்திய மொழிகளில் வீடு முழுக்க இதே வேலைதான். தமிழ் முஸ்லிம்கள் புழங்கும் ‘கிதாபு’, பிள்ளைகள் ஓதப் போகும் ‘மக்தப்’ இரண்டிலும் க-த-ப என்ற எழுத்து வரிசை இருக்கிறது பாருங்கள். எழுதுதல் என்பது அதன் பொருள். எழுதப்பட்டது நூல், எழுதப் பழகும் இடம் பள்ளி. எபிரேயத்திலும் எழுதினான் என்பதற்கு இதே வேர்தான்.

இப்போது நமக்கு வேண்டிய வேருக்கு வருவோம்: ஷ-ல-ஹ. கடைசி எழுத்தைத் தொண்டையைச் செருமுவது போலச் சொல்ல வேண்டும். பொருள், அனுப்பு. ‘ஷாலஹ்’ என்றால் அனுப்பினான். ‘ஷாலியஹ்’ என்றால் தூதன். யோவான் 9:7-இல் பிறவிக்குருடனைக் கண் கழுவச் சொல்லி அனுப்பும் சீலோவாம் குளம் இதே வேர்தான். அதற்கு "அனுப்பப்பட்டவன்" என்று அர்த்தம் என அந்த வசனமே சொல்கிறது. குளத்துக்கு ஏன் அனுப்புதல் என்ற பெயர்? வாய்க்கால் வழியாகத் தண்ணீர் அனுப்பப்படுகிற இடம். கையிலிருந்து விசையோடு அனுப்பப்படுவது எறிபடை. ‘ஷெலஹ்’ என்ற சொல்லுக்கு எபிரேய வேதாகமத்தில் ஆயுதம் என்ற பொருள் உண்டு. நெகேமியாவின் நாளில் எருசலேம் மதிலைக் கட்டியவர்கள் ஒரு கையால் வேலை செய்து மறு கையில் ஆயுதம் பிடித்திருந்தார்களே, 4:17-இல், அந்த ஆயுதம் எபிரேயத்தில் ஷெலஹ்.

ஆக, இதுவரை: சொல்லின் பொருள் மெய்களில் இருக்கிறது. மெத்தூசலாவின் பின்பாதியில் ஷ-ல-ஹ என்ற வேர் உண்மையாகவே இருக்கிறது. ‘அனுப்பு’ என்று பிரசங்கிகள் சொல்வது காற்றிலிருந்து வந்ததல்ல. பிரச்சினை முன்பாதியில்.

மெ-யா, மே-யா?

நம் பழைய ஓலைச்சுவடிகளைப் படிக்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடும் இருக்காது. ‘மெ’யும் ‘மே’யும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். எரியா ஏரியா என்பதைச் சூழலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு வந்தது. அந்தச் சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் கணக்கில் எழுதுவது வழக்கம்.

எபிரேயத்தில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. அந்த எழுத்துமுறை அடிப்படையில் மெய்களை மட்டும் எழுதுவது. சில இடங்களில் நெடில் உயிரைக் காட்ட ஓரிரு மெய்களையே கடன் வாங்கிக்கொள்ளும். மற்றபடி உயிர் படிப்பவர் நாவில் இருக்கும். வேதப் பாடத்தை வாசிக்கும் மரபு மறைந்துவிடக் கூடாது என்று, கி.பி. 7-ஆம் நூற்றாண்டு முதல் 10-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், கலிலேயாவின் திபேரியா நகரத்து அறிஞர்கள் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளும் கோடுகளும் இட்டார்கள். மசோரெத்துகள் என்று அவர்களுக்குப் பெயர், மரபைக் கையளிப்பவர்கள் என்ற பொருளில். இன்று அச்சிடப்படும் எபிரேய வேதாகமத்தில் இருக்கும் உயிர்க்குறிகள் அவர்கள் குறித்து வைத்தவை.

நம் பெயரை எபிரேயத்தில் ஆறு எழுத்துகளில் எழுதுவார்கள்: ம, த, வ, ஷ, ல, ஹ. மசோரெத்துகளின் வாசிப்பு ஏறக்குறைய ‘மெதூஷெலஹ்’. நடுவில் இருக்கும் ‘வ’ இங்கே ‘ஊ’ ஒலியைக் காட்ட வந்தது.

இப்போது கவனியுங்கள். எபிரேயத்தில் ‘மெதீம்’ என்றால் மனிதர்கள், ஆண்கள். ‘மேதீம்’ என்றால் செத்தவர்கள். உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஓலையில் மெ-யும் மே-யும் ஒன்றாகிப்போவது போல.

இது வெறும் ஏட்டுச் சந்தேகம் அல்ல. யோபு 24:12-ஐச் சில மொழிபெயர்ப்புகளில் பார்த்தால் நகரத்திலிருந்து மனிதர் முனகுகிறார்கள் என்று இருக்கும், வேறு சிலவற்றில் சாகிறவர்கள் முனகுகிறார்கள் என்று இருக்கும். மூலத்தில் எழுத்து ஒன்றுதான். உயிர்க்குறியை மட்டும் ஆளுக்கொரு விதமாகக் கொள்கிறார்கள்.

மெத்தூசலாவில் இருப்பது மனிதனா மரணமா என்ற சண்டைக்கு வேரே இதுதான். மசோரெத்துகளின் வாசிப்பில் அங்கே இருப்பது குறுகிய ‘மெ’. மனிதன்.

வேலன்

தமிழில் இரண்டு பெயர்ச்சொற்களைப் பக்கத்தில் வைத்தாலே உறவு புரிந்துவிடும். மலைத்தேன் என்றால் மலையிலிருந்து வந்த தேன், தேர்ப்பாகன் என்றால் தேரை ஓட்டும் பாகன். உருபு மறைந்து நிற்கிறது. எபிரேயத்திலும் அதே வித்தை உண்டு, வரிசை மட்டும் தலைகீழ். ‘இராஜாவின் வீடு’ என்பதை ‘வீடு இராஜா’ என்பார்கள். முன்னால் நிற்கும் சொல் கொஞ்சம் குறுகி, பின்னால் வருவதன்மேல் சாய்ந்துகொள்ளும். அதைச் சார்புநிலை என்று வைத்துக்கொள்வோம்.

மெது + ஷெலஹ் என்பதைச் சார்புநிலையாகப் படித்தால்: மனிதன், எறிபடையின். எறிவேல் பிடித்த ஆள். ஒரே சொல்லில் தமிழாக்கு என்றால் நான் ‘வேலன்’ என்பேன். இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எந்த மொழியிலும் கிடைக்காது என்று எனக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு.

நடுவில் வரும் ‘ஊ’ எதற்கு? புளி + கொம்பு, புளியங்கொம்பு ஆகும்போது நடுவில் ‘அம்’ வந்து உட்காருகிறதே, அது போல ஒட்டிக்கொண்ட பழைய மிச்சம். எபிரேயத்தில் முன்காலத்தில் இருந்து பிறகு மறைந்துபோன வேற்றுமை உருபின் எச்சம் என்று இலக்கண அறிஞர்கள் சொல்வது வழக்கம். யாக்கோபு போராடிய இடம் ஆதியாகமம் 32-இல் ஒரு வசனத்தில் பெனியேல் என்றும் அடுத்த வசனத்தில் பெனூவேல் என்றும் வரும். இரண்டும் ஒரே பெயர்தான், தேவனின் முகம். நடு உயிர் மட்டும் மாறுகிறது. அதனால் பொருள் மாறவில்லை.

‘இன்னாரின் மனிதன்’ என்று பெயர் வைப்பது அந்தப் பகுதியில் பழைய வழக்கம். அக்காதிய மொழியில் ‘முது’ என்றால் ஆண், கணவன். 1887-இல் எகிப்தின் அமர்னாவில் களிமண் பலகைகள் கிடைத்தன. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் கானான் நாட்டுச் சிற்றரசர்கள் பார்வோனுக்கு எழுதிய கடிதங்கள் அவற்றில் இருந்தன. யோர்தானுக்குக் கிழக்கே பெல்லா நகரத்தை ஆண்ட ஒருவரின் பெயர் அதில் முத்-பாகால் என்று வருகிறது. பாகாலின் மனிதன். நம் பெயரும் இதே அச்சில் வார்த்தது.

இந்த அச்சில் இரண்டாவது இடத்தில் ஒரு தெய்வத்தின் பெயர் வருவது சகஜம். அதனால் ‘ஷெலஹ்’ என்பதும் ஒரு பழைய கானானிய தெய்வத்தின் பெயராக இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். வாய்க்கால் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எறிபடையா தெய்வமா என்பதில் வாதம் இருக்கட்டும், முன்பாதி ‘மனிதன்’ என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்.

இங்கே ஒரு பக்கக்கதை. ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் காயீனின் வம்சத்திலும் ஒருவர் வருகிறார், மெத்தூசவேல். தமிழ்க் காதுக்கு அதில் ‘வேல்’ பளிச்சென்று கேட்கிறது. யாராவது இதை முருகனோடு முடிச்சுப் போட்டு இன்னும் பதிவு எழுதாதது ஆச்சரியம்தான், ஒருவேளை எழுதியிருக்கலாம். ஆனால் அங்கே வேல் இல்லை. இருப்பது ‘ஏல்’, தேவன். முன்னால் உயிர் வந்ததால் நம் உடம்படுமெய் ‘வ்’ நுழைந்து ஏல் வேல் ஆகிவிட்டது. சாமுவேல், இம்மானுவேல் எல்லாம் அப்படித்தான். மெத்தூசவேல் என்றால் ‘தேவனின் மனிதன்’ என்று கொள்வது வழக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்க் காதுக்கு வேல் கேட்கும் மெத்தூசவேலில் வேல் கிடையாது, கேட்காத மெத்தூசலாவில்தான் இருக்கிறது. ஒலி ஒத்துப்போனால் பொருளும் ஒத்துப்போகும் என்று நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மரணம் எப்படி உள்ளே வந்தது?

மரணம் என்ற விளக்கம் இன்று நேற்று கிளம்பியதல்ல. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத ஞானி பிலோ இந்தப் பெயரை ‘மரணத்தை அனுப்பிவிடுதல்’ என்று கிரேக்கத்தில் விளக்கியிருக்கிறார். அவர் அதை ஆத்மாவைப் பற்றிய உருவகமாகப் பயன்படுத்தினார். வெள்ளத்தைப் பற்றிய முன்னறிவிப்பாக அல்ல. ம-த என்ற எழுத்துகளைப் பார்த்ததும் மரணம் நினைவுக்கு வருவது இயல்பு. சாவு என்ற எபிரேய வேர் ம-வ-த. பழைய எபிரேயர்களுக்கே அந்தப் பெயரைக் கேட்கும்போது சாவின் எதிரொலி காதில் விழுந்திருக்கலாம். அதை நான் மறுக்க மாட்டேன். எதிரொலி விழுவது ஒன்று, பெயரின் பொருள் அதுதான் என்பது வேறொன்று.

‘இவன் சாகும்போது அது வரும்’ என்ற விரிந்த வாக்கியம் இலக்கணப்படி நிற்காது. ‘அவன் மரணம்’ என்பதற்கு எபிரேயத்தில் ‘மோதோ’. ‘அவன் சாகும்போது’ என்றால் முன்னால் ‘ப’ என்ற உருபு வேண்டும். நம் பெயரில் இரண்டும் இல்லை. ‘மேதூ’ என்று நீட்டிப் படித்தால்கூட, ‘அவர்கள் செத்தார்கள்’ என்ற பன்மை வினைதான் கிடைக்கும். ‘அது வரும்’ என்பதற்கோ சொல்லே கிடையாது. ‘அனுப்பப்படும்’ என்று சொல்ல வேண்டுமானால் அதற்குரிய எதிர்கால வினைவடிவம் வேண்டும். இருப்பது பெயர்ச்சொல் வடிவமான ஷெலஹ். அதே சொல் தனியாகவும் ஒருவருக்குப் பெயராக இருந்திருக்கிறது. ஆதியாகமம் 10-ஆம் அதிகாரத்தில் அர்பக்சாத்தின் மகனாக வரும் சாலா அவர்தான்.

வாக்கியமே பெயராக வருவது எபிரேயத்தில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. நிறைய உண்டு. தானியேல் என்றால் ‘தேவன் என் நியாயாதிபதி’. நாத்தான்வேல் என்றால் ‘தேவன் கொடுத்தார்’. ஆனால் அவை அளவான, பழகிய அமைப்புகள். இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து, யார் என்ன என்பதையெல்லாம் விழுங்கிவிட்டு, நடுவே ‘போது’ என்று ஒரு சொல்லையும் நாமே சேர்த்துப் படிக்க வேண்டிய பெயர் அந்தப் பட்டியலில் சேராது.

ஆக, இதுவரை: பின்பாதியில் ‘அனுப்பு’ என்ற வேர் உண்டு. முன்பாதியில் இருப்பது பெரும்பாலும் மனிதன். மரணம் என்பது பழைய காலத்திலேயே காதில் விழுந்த ஒலியொற்றுமை. வெள்ளத்தைப் பற்றிய வாக்கியம் அதன்மேல் பிற்காலத்தில் கட்டிய மாடி.

வேதமே விளக்கம் சொல்லும்போது

‘சரி, வேதத்தில் பெயருக்கு விளக்கம் சொல்வதே இல்லையா?’ என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்கிறது. ஈசாக்கு என்ற பெயரில் சிரிப்பு இருக்கிறது, சாராளின் சிரிப்பையும் கதை சொல்கிறது. பேலேகின் நாட்களில் பூமி பகுக்கப்பட்டது என்று 10-ஆம் அதிகாரம் சொல்கிறது, அந்தப் பெயரின் வேரே பகுத்தல்தான். விளக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் ஆதியாகமம் தயங்கியதில்லை. மெத்தூசலாவுக்கு ஒரு சொல்கூட விளக்கம் இல்லை என்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

5-ஆம் அதிகாரத்தில் விளக்கம் பெற்ற ஒரே பெயர் நோவா. அதைப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். கர்த்தர் சபித்த பூமியிலே படும் பாட்டில் "இவன் நம்மைத் தேற்றுவான்" என்று சொல்லி லாமேக்கு மகனுக்கு நோவா என்று பேரிட்டார் என்கிறது 5:29. தேற்றுதல் என்பதன் வேர் ந-ஹ-ம. நோவாவின் வேரோ ந-வ-ஹ, இளைப்பாறுதல். கிட்டத்தட்ட ஒன்று போல ஒலிக்கும், ஆனால் வேர் வேறு.

இதைக் கண்டுபிடிக்க நவீன ஆய்வாளர் வர வேண்டியிருக்கவில்லை. ஆதியாகமத்துக்கு ரபிமார்கள் செய்த பழைய விரிவுரையில் ரபி யோகனான் சொல்வதாக ஒரு வரி வருகிறது: விளக்கம் பெயரோடு ஒட்டவில்லை, பெயர் விளக்கத்தோடு ஒட்டவில்லை. ஒன்று, ‘இவன் நம்மை இளைப்பாறச் செய்வான்’ என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லை, பையனுக்கு நகுமான் என்று பெயர் வைத்திருக்க வேண்டும். என்ன ஒரு நேர்மையான வாசகர்! கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் அந்த இடத்தில் ‘தேற்றுவான்’ என்று போடாமல் ‘இளைப்பாறச் செய்வான்’ என்றே எழுதிவிட்டார்கள்.

சாமுவேலும் இப்படித்தான். கர்த்தரிடத்தில் கேட்டு வாங்கினேன் என்று சொல்லி அவர் தாய் அன்னாள் பெயர் வைக்கிறாள். கேள் என்பதன் எபிரேயம் ‘ஷாஅல்’. பெயரில் இருப்பதோ ‘ஷெமூ-ஏல்’, தேவனின் நாமம் என்பதுபோல வரும். அங்கேயும் நடுவில் அதே ‘ஊ’.

இப்படி ஒரு பெயரின் ஒலியைப் பிடித்துக்கொண்டு, வேரைப் பற்றிக் கவலைப்படாமல், ஏன் இந்தப் பெயர் என்று சொல்லும் கதைக்குப் பெயர்க்காரணக் கதை என்று பெயர் வைப்போம். நோவாவும் சாமுவேலும் பெயர்க்காரணக் கதைகள். இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. லாமேக்கு இலக்கண வகுப்பு எடுக்கவில்லை. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு மனசில் இருந்ததைச் சொன்னார். அது அந்தக் கதையின் பகுதி, மூலத்திலேயே இருக்கிறது. மெத்தூசலாவுக்குச் சொல்லப்படும் கதை மூலத்தில் இல்லை, நாம் சேர்த்தது. இந்த வித்தியாசத்தைப் பிரசங்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டாலே எனக்குப் போதும்.

பத்துப் பெயர், ஒரு வாக்கியம்

இதன் பெரியண்ணன் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆதாம் முதல் நோவா வரை பத்துப் பெயர்களின் அர்த்தத்தையும் வரிசையாக எழுதினால் சுவிசேஷமே ஒரு வாக்கியமாக வந்துவிடும் என்பது. மனுஷனுக்கு நியமிக்கப்பட்டது சாகக்கூடிய துக்கம், ஆனால் ஸ்தோத்திரிக்கப்பட்ட தேவன் இறங்கி வந்து போதித்து, அவர் மரணம் விரக்தியடைந்தோருக்கு இளைப்பாறுதல் கொண்டுவரும் என்ற ரீதியில் போகும்.

இதில் சில பெயர்களுக்குச் சொல்லும் பொருள் சரிதான். ஆதாம் மனிதன், மண்ணோடும் உறவுள்ள சொல். ஏனோஸ் என்பதும் மனிதனே. யாரேத்தில் இறங்குதல் இருக்கிறது. நோவாவைப் பார்த்துவிட்டோம். ஏனோக்கில் இருக்கும் வேருக்குப் பழக்குதல், அர்ப்பணித்தல் என்று பொருள். யூதர்கள் கொண்டாடும் ஹனுக்கா பண்டிகையின் பெயரும் அதே வேர்தான்.

மற்றவற்றில் ஆங்காங்கே கை வைக்கப்பட்டிருக்கிறது. மகலாலெயேல் என்பது தேவனுக்குத் துதி. அல்லேலூயாவில் வரும் அதே வேர். அதை ‘ஸ்தோத்திரிக்கப்பட்ட தேவன்’ என்று திருப்பிப் போட்டால்தான் வாக்கியத்தில் எழுவாய் கிடைக்கும், அதனால் திருப்புகிறார்கள். கேனானுக்கு ‘துக்கம்’ என்பது ஒப்பாரியைக் குறிக்கும் ‘கீனா’ என்ற சொல்லின் சாயலை வைத்துச் சொல்வது. காயீனின் பெயரோடும், கொல்லர் தொழிலோடும், ஈட்டியோடும் சேர்த்துப் பார்ப்பதற்கே அங்கே இடம் அதிகம். லாமேக்குக்கு எபிரேயத்தில் நன்றாகப் பொருந்தும் வேரே அகப்படவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ‘விரக்தியடைந்தோர்’ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டாவது இடத்தில் நம் மெத்தூசலா, ‘அவர் மரணம் கொண்டுவரும்’ என்று. அந்த வாக்கியத்தின் முதுகெலும்பு அதுதான். அங்கே வேலன் என்று போட்டுப் படித்துப் பாருங்கள், வாக்கியம் என்னவாகிறது என்று.

பெயர் ஒன்று, புகழ் ஒன்று

கடைசியாக ஒரு குழப்பம். மெத்தூசலா என்றால் ‘நீண்ட ஆயுள்’ என்று அர்த்தம் என்பவர்களும் இருக்கிறார்கள். பெயரில் ஆயுளைப் பற்றி ஒன்றும் இல்லை. 969 வயது வரை இருந்தவர் என்ற புகழ் பெயரின்மேல் படிந்துவிட்டது. கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் நாலாயிரத்துச் சொச்சம் வயதான ஒரு பைன் மரத்துக்கு அவர் பெயரை வைத்தது அந்தப் புகழுக்காகத்தான்.

இஸ்ரேலிலும் ஒரு மெத்தூசலா உண்டு. சாக்கடல் ஓரத்து மசாதா கோட்டையில் 1960-களில் அகழ்ந்தபோது கிடைத்த, ஏறத்தாழ 2,000 வருஷப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005-இல் ஊன்றிப் பார்த்தார்கள், முளைத்தது. தெற்கே அரபாப் பள்ளத்தாக்கில் கெத்தூரா என்ற ஊரில் அது மரமாக நிற்கிறது. ஆண் மரம், காய்க்காது. பிறகு அதே போன்ற பழைய கொட்டைகளிலிருந்து பெண் மரங்களும் முளைத்தன. அவற்றில் ஒன்றுக்கு அன்னாள் என்று பெயர் வைத்தார்கள், எபிரேயத்தில் ஹன்னா. மெத்தூசலாவின் மகரந்தத்தை எடுத்து அன்னாளுக்கு இட்டு, 2020-இல் பழம் பறித்தார்கள்.